அரசாணையிலிருந்து காப்பீட்டிற்கு: பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சையின் சட்ட வரலாறும் காரைக்கால் எல்லையும் (2006–2022)

ஆய்வுச் சுருக்கம்

திருநங்கையர், திருநம்பியர் ஆகியோர் மேற்கொள்ளும் பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சைக்கான செலவை அரசோ காப்பீடோ ஏற்க வேண்டும் என்னும் கருத்து இந்தியாவில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்நாட்டின் நல அரசாணைகள், 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2019ஆம் ஆண்டு மாற்றுப்பாலினர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம், 2022ஆம் ஆண்டின் ஆயுஷ்மான் பாரத் நீட்சி ஆகியவை கால வரிசையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்ததாக விளங்கும் காரைக்கால், இவ்வரலாற்றைச் சோதித்துப் பார்க்கும் களமாகக் கொள்ளப்படுகிறது. சட்டம் காப்பீடு என்னும் சொல்லை ஏற்றபோதும் காப்பீட்டு ஒப்பந்தத்தைத் தொடாமல் விட்டது என்பதும், அதனால் சிகிச்சை உரிமையானது வசிப்பிடம், அட்டை, சான்றிதழ் ஆகியவற்றைச் சார்ந்த நலத்திட்டமாகவே நீடித்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: திருநங்கையர், திருநம்பியர், மருத்துவக் காப்பீடு, அரசாணை, காரைக்கால், உரிய அரசு, மாற்றுப்பாலினர் சட்டம் 2019

1. முன்னுரை

காரைக்கால் நகரின் ஒரு பகுதி கோவில்பத்து. அங்கிருந்து தெற்கே பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் நாகூர் வந்துவிடும். வடக்கே சென்றால் தரங்கம்பாடி. இரண்டும் தமிழ்நாட்டு ஊர்கள். பேச்சிலோ, வேளாண்மையிலோ, திருவிழாவிலோ இவ்வூர்களுக்கிடையே எல்லைக்கோடு ஒன்றைக் காண்பது அரிது. ஆயினும் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வி எழும்போது அக்கோடு தெளிவாகப் புலப்படுகிறது. நாகூரில் வசிக்கும் திருநங்கை ஒருவர் தமிழ்நாடு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெறலாம். கோவில்பத்தில் வசிக்கும் திருநங்கைக்கு அவ்வாய்ப்பு இல்லை. இருவருக்கும் தேவைப்படும் சிகிச்சை ஒன்றே. அவர்கள் கையிலுள்ள அட்டைகளே வேறு.

திருநங்கையர் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியப் பதிவுகள், கூவாகம் விழா, சமூக ஒதுக்கம் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. சிகிச்சைக்கான செலவு எந்தச் சட்டக் கருவியின்வழி அரசின் பொறுப்பாயிற்று என்னும் கேள்வி அவற்றில் போதிய இடம் பெறவில்லை. அக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். 2006 முதல் 2022 வரையிலான காலம் ஆய்வெல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளது. ‘பால் மாற்று அறுவை சிகிச்சை’ என்னும் தொடர் சட்டமும் அரசாணையும் அதனைக் கையாளும் இடங்களில் மட்டும் ஆளப்படுகிறது. அறுவை, ஹார்மோன் சிகிச்சை, உளவள ஆலோசனை முதலிய அனைத்தையும் உள்ளடக்கிய பொதுச்சொல்லாகப் ‘பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை’ என்பது கொள்ளப்படுகிறது.

2. எல்லையின் தோற்றம்

காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. ஆங்கிலேயர் அதனைப் பலமுறை கைப்பற்றியபோதும், நெப்போலியப் போர்களுக்குப் பின் அது பிரான்சுக்கே திரும்ப அளிக்கப்பட்டது. 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறை ஆட்சி இந்தியாவுக்கு மாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டத்தின்கீழ்ப் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளும் சட்டமன்றம் கொண்ட ஒரே யூனியன் பிரதேசமாயின.

இவ்வரலாற்றில் நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில் காரைக்கால் தன்னைச் சூழ்ந்த மாவட்டத்தோடு இணைக்கப்படவில்லை. பிரெஞ்சு ஆட்சி வரைந்த கோடு, இந்திய அரசமைப்பின்கீழ் நிர்வாகக் கோடாக நிலைபெற்றது. ஆகவே, தமிழ்நாடு அரசு வெளியிடும் ஓர் அரசாணை அக்கோட்டின் முன் நின்றுவிடுகிறது. நாடாளுமன்றச் சட்டமோ அதனைக் கடந்து செல்கிறது. ஒரு நலன் அரசாணையாக வழங்கப்படுவதற்கும் சட்டமாக வழங்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காரைக்காலில் நின்று நோக்கினால் எளிதில் உணரலாம்.

3. அரசாணைக்கு முந்தைய நிலை

அரசு மருத்துவமனைகள் இச்சிகிச்சையை ஏற்பதற்கு முன்பு, திருநங்கையர் சமூகத்தில் ‘நிர்வாணம்’ எனப்படும் உறுப்பு நீக்கம் இருவழிகளில் நிகழ்ந்தது. ஒன்று, சமூகத்திற்குள்ளேயே ‘தாயம்மா’ எனப்படும் மூத்தோர் சடங்காகச் செய்தது. மற்றொன்று, தகுதியும் வசதியும் குறைந்த இடங்களில் பணம் பெற்றுக்கொண்டு அறுவையாகச் செய்யப்பட்டது. இரண்டிலும் உயிராபத்து இருந்தது. அ. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ என்னும் தொகுப்பும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ என்னும் தன்வரலாறும் இக்காலத்தின் வாழ்வைத் தமிழில் பதிவு செய்த முன்னோடி நூல்கள்.

முறையான மருத்துவர்கள் விலகி நின்றதற்குச் சமூக மனத்தடை மட்டுமே காரணமன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 320ஆம் பிரிவில் கொடுங்காயங்களை வகைப்படுத்தும்போது, முதல் வகையாக ஆண்மை நீக்கத்தையே குறிப்பிட்டது. நன்மை கருதி, ஒப்புதலுடன், நல்லெண்ணத்தில் செய்யப்படும் மருத்துவச் செயல்களுக்கு அதே சட்டத்தின் 88ஆம் பிரிவு பாதுகாப்பு அளித்தது. எனினும், இவ்வறுவை ‘நன்மை’ எனக் கருதப்படுமா என்பதை எந்த அரசு ஆவணமும் தெளிவுபடுத்தாத நிலையில், மருத்துவர் ஒருவர் தயங்குவதற்கு இடமிருந்தது. எனவே, அரசு தன் மருத்துவமனையிலேயே இவ்வறுவையைச் செய்ய முன்வந்தது செலவு தொடர்பான சலுகையாக மட்டும் அமையவில்லை. இச்செயல் குற்றத்தின் பாற்பட்டதன்று, மருத்துவத்தின் பாற்பட்டது என்னும் அறிவிப்பும் அதில் அடங்கியிருந்தது.

4. தமிழ்நாட்டின் அரசாணைகள்

தமிழ்நாடு அரசு 2006 டிசம்பரில் திருநங்கையர் மறுவாழ்வு குறித்த அரசாணையை வெளியிட்டது. 2008 ஏப்ரல் 15ஆம் நாள் அவர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய வாரியங்களுள் இதுவே முதலாவது. இதனையொட்டிய காலத்தில் அரசு மருத்துவமனைகளில் பால் மாற்று அறுவை சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்வதற்கும் வழி வகுக்கப்பட்டது. இதிலும் தமிழ்நாடே முன்னோடி. தொடக்க ஆவணங்களில் ‘அரவாணி’ என வழங்கிய சொல் பின்னர்த் ‘திருநங்கை’ என மாறியது.

இந்நடவடிக்கைகளின் சிறப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது. அவற்றின் சட்ட வடிவத்தை மட்டும் இங்கு உற்று நோக்க வேண்டும். இவற்றுள் எதுவும் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமன்று. அரசமைப்பின் 162ஆம் உறுப்பு மாநில அரசுக்கு வழங்கும் நிருவாக அதிகாரத்தின்கீழ்ப் பிறந்த ஆணைகளே இவை. அரசாணைக்கு மூன்று இயல்புகள் உண்டு. விரைவில் பிறப்பிக்கலாம். சூழலுக்கேற்ப விரிக்கலாம். விரும்பினால் திரும்பப் பெறலாம். முதலிரண்டும் பயனாளிக்கு நன்மை. மூன்றாவது அவ்வாறன்று.

வேறொரு குறையும் இருந்தது. ‘அரவாணி’ என்னும் சொல்லே திருநங்கையரை மட்டும் சுட்டுவது. பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியர் அச்சொல்லுக்குள் வரவில்லை. நலத்திட்டத்தின் பெயரே அதன் பயனாளிகளின் எல்லையையும் வகுத்தது. திருநம்பியரையும் ஊடுபால் நிலையினரையும் பெயர் சுட்டி உள்ளடக்கிய நாடு தழுவிய சட்ட வரையறை 2019இல்தான் வந்தது.

5. அட்டையும் குடும்பமும்

இலவச அறுவை சிகிச்சை என்பதும் காப்பீடு என்பதும் ஒன்றல்ல. முன்னதில் அரசு தன் மருத்துவமனையில் தானே சேவை வழங்குகிறது. பின்னதில் தனியார் மருத்துவமனை உட்படப் பதிவு பெற்ற எந்த இடத்தில் சிகிச்சை நடந்தாலும் அதற்கான தொகை செலுத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதன் இடத்தில் 2012 ஜனவரியில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. பின்னது 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் ஒருங்கிணைக்கப்பட்டது. 2022 தொடக்கத்தில் அது புதுப்பிக்கப்பட்டபோது, குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ. 5 இலட்சம் வரை பாதுகாப்பும், ரூ. 1,20,000 ஆண்டு வருமான வரம்பும் நடைமுறையில் இருந்தன. பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைகளும் இத்திட்டத்திற்குள் கொண்டுவரப்பட்டன.

இத்திட்டங்களின் அடிப்படை அலகு குடும்பம். குடும்பத்திற்குச் சான்று குடும்ப அட்டை. பெரும்பாலான மக்களுக்கு இதில் இடர் இல்லை. திருநங்கையர் பலருக்கோ முதல் இடரே இதுதான். வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவரின் பெயர் குடும்ப அட்டையில் நீக்கப்பட்டிருக்கலாம். நீக்கப்படாமல் இருந்தாலும் பழைய பெயரிலும் பழைய பாலினத்திலும் அது இருக்கும். அட்டையோ வீட்டாரின் கையில் இருக்கும். தனக்கு வேண்டிய சிகிச்சைக்கு, தன்னை விலக்கிய குடும்பத்தின் அட்டையை நாட வேண்டிய முரண் இதனால் எழுந்தது. திருநங்கையருக்குத் தனிக் குடும்ப அட்டை வழங்கும் முடிவு தமிழ்நாட்டின் நல நடவடிக்கைகளில் தொடக்கத்திலேயே இடம்பெற்றதன் முதன்மை இங்குதான் விளங்குகிறது. உணவுப் பொருள் பெறுவதற்கான ஏற்பாடாகத் தோன்றும் அது, பின்னாளில் மருத்துவ உரிமைக்கும் வாயிலாயிற்று.

காரைக்காலில் இவ்வாயில் வேறு திசையில் திறக்கிறது. அங்குள்ள சிவப்பு, மஞ்சள் நிறக் குடும்ப அட்டைகள் புதுச்சேரி அரசால் வழங்கப்படுபவை. தமிழ்நாட்டுத் திட்டத்திற்கு அவை சான்றாகா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாகப் ‘பிற’ என்னும் பாலினப் பிரிவு இடம்பெற்றது. அதில் இந்திய அளவில் 4,87,803 பேரும், தமிழ்நாட்டில் 22,364 பேரும், புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுவதிலும் 252 பேரும் பதிவாயினர். இக்கணக்கு உண்மை எண்ணிக்கையைவிடக் குறைவானது என்னும் கருத்து பரவலாக உண்டு. எவ்வாறாயினும், 252 என்னும் எண் நிருவாகத்தின் கண்ணில் மிகச் சிறியது. நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு பிரதேசத்தில் சிறிய எண்ணிக்கையினருக்கெனத் தனி மருத்துவ ஏற்பாடு வளர்வது கடினம். பெரிய மாநிலத்தின் வாரியம் பெற்றுத்தந்த பேரம்பேசும் வலிமை, எல்லைக்கு அப்பால் இருந்தோர்க்குக் கிட்டவில்லை.

6. தீர்ப்பிலிருந்து சட்டத்திற்கு

தமிழ்நாட்டு வாரியம் அமைந்து சரியாக ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2014 ஏப்ரல் 15ஆம் நாள், தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி ஆகியோர் அடங்கிய அமர்வு, தம் பாலினத்தைத் தாமே அடையாளப்படுத்தும் உரிமையை உறுதி செய்தது. அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டத்திற்குப் புறம்பானது என்றும் கூறியது. மருத்துவமனைகளில் இவர்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்க ஒன்றிய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் பணித்தது. இவ்விரு கூறுகளையும் இணைத்துப் படிக்க வேண்டும். அறுவை கட்டாயமன்று. ஆனால் வேண்டுவோர்க்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

இத்தீர்ப்பைச் சட்டமாக்கும் முயற்சியில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் சட்டமுன்வரைவு 2015 ஏப்ரல் 24ஆம் நாள் மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. தனிநபர் முன்வரைவொன்று அவ்வவையில் நிறைவேறியது நீண்ட இடைவெளிக்குப் பின்னராகும். மக்களவையில் அது சட்டமாகவில்லை. பின்னர் அரசே 2016இல் வேறொரு முன்வரைவைக் கொண்டுவந்தது. அது பல திருத்தங்களுக்கும் எதிர்ப்புகளுக்கும் ஆளாகிக் காலாவதியானது. 2019இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட முன்வரைவு நவம்பர் 26ஆம் நாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 15ஆம் பிரிவே நம் ஆய்வின் மையம். பால் மாற்று அறுவை, ஹார்மோன் சிகிச்சை உள்ளிட்ட மருத்துவ வசதி, அவற்றுக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, பன்னாட்டு மருத்துவ நெறிமுறைக்கேற்ற கையேடு, மருத்துவப் பாடத்திட்ட மறுஆய்வு ஆகியவற்றை ‘உரிய அரசு’ செய்ய வேண்டும் என அது விதிக்கிறது. அப்பிரிவின் இறுதிக் கூறு, அறுவை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை, பிற உடல்நலச் சிக்கல்கள் ஆகியவற்றுக்கான செலவை விரிவான காப்பீட்டுத் திட்டம் ஒன்றின்வழி ஏற்க வகை செய்ய வேண்டும் என்கிறது. இதன்மூலம் மாநில அரசாணைகளில் தோன்றிய ஒரு நலன் நாடாளுமன்றச் சட்டத்தின் கட்டளையாயிற்று. காரைக்காலும் முதன்முறையாக அக்கட்டளையின் எல்லைக்குள் வந்தது.

அக்கட்டளையின் வலிமையையும் அளந்து பார்க்க வேண்டும். காப்பீட்டுக்கான குறைந்தபட்சத் தொகை எதுவும் அதில் இல்லை. எவ்வளவு காலத்திற்குள் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. 18ஆம் பிரிவு தனிமனிதர் இழைக்கும் தீங்குகளுக்குத் தண்டனை கூறுகிறதேயன்றி, அரசு கடமை தவறினால் நேரும் விளைவைக் கூறவில்லை. கடமையைச் சட்டம் பெயரிட்டது. அதன் அளவை மீண்டும் நிருவாகத்திடமே விட்டது.

7. தொடப்படாத ஒப்பந்தம்

‘காப்பீட்டுத் திட்டம்’ எனச் சட்டம் கூறியது அரசின் திட்டத்தையே. பணம் செலுத்திப் பெறப்படும் காப்பீட்டு ஒப்பந்தங்களை அது தொடவில்லை. இதன் பொருளை உணர, அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றை அருகில் வைத்து நோக்க வேண்டும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பர் 27ஆம் நாள் மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் இடம்பெறும் விலக்குகளைத் தரப்படுத்தும் வழிகாட்டுதலை வெளியிட்டது. நிறுவனங்கள் பயன்படுத்தத்தக்க விலக்குகளுக்கு அது ஒரே சீரான சொல்லமைப்பையும் குறியீட்டு எண்ணையும் தந்தது. அவற்றுள் 7ஆம் எண் பெற்றது பாலின மாற்றச் சிகிச்சை. உடலின் பண்புகளை எதிர்ப்பாலினத்தின் பண்புகளாக மாற்றுவதற்கான அறுவை உட்பட்ட எச்சிகிச்சையின் செலவும் ஒப்பந்தத்திற்குப் புறம்பு என நிறுவனங்கள் எழுதிக்கொள்ள அதில் இடமளிக்கப்பட்டது. உடற்பருமன் அறுவை அதற்கு முந்தைய எண்ணிலும், அழகுச் சிகிச்சை அதற்கு அடுத்த எண்ணிலும் இடம்பெற்றன.

விரிவான காப்பீடு வேண்டும் எனச் சட்டம் நிறைவேறியதற்கு இரு மாதங்கள் முன்னதாக, அதே சிகிச்சையை விலக்கும் வாசகத்தை ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்தியிருந்தது. இரண்டும் ஒன்றிய ஆட்சியின் அமைப்புகளிலிருந்தே பிறந்தவை. இவற்றுக்கிடையே சட்ட முரண் இல்லை என வாதிடலாம். சட்டம் அரசைக் கட்டுப்படுத்துகிறது, வழிகாட்டுதல் நிறுவனங்களுக்கு உரியது என்பது அவ்வாதம். ஆனால் அவ்வாதமே சட்டத்தின் குறையைக் காட்டிக்கொடுக்கிறது.

நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் வழி நாடாளுமன்றத்திற்குத் தெரியாததன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தையும் நேரடியாகப் பணிக்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் காப்பீட்டில் நேரும் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த மாற்றுப்பாலினர் சட்டம் அம்முன்மாதிரியைப் பின்பற்றவில்லை.

மாநிலங்கள் இக்குறையை நிரப்ப இயலுமா? அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலின் 6ஆம் இனம். காப்பீடு ஒன்றியப் பட்டியலின் 47ஆம் இனம். ஆகவே மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை தர மாநிலம் ஆணையிடலாம். தன் நிதியிலிருந்து ஒரு திட்டத்திற்கும் பணம் செலுத்தலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எது இடம்பெற வேண்டும் எனச் சட்டம் இயற்றுவது மாநிலத்தின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது. தமிழ்நாட்டின் முன்னெடுப்புகள் அரசாணைகளாகவே அமைந்தமைக்கு அரசியல் விருப்பம் மட்டுமன்றி இவ்வதிகாரப் பகிர்வும் காரணம்.

பிறநாட்டு அனுபவம் இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். அமெரிக்காவில் காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் மாநிலங்களின் பணி. அதனால்தான் கலிபோர்னியா மாநிலம் 2005இலேயே காப்பீட்டில் பாலின அடையாளம் சார்ந்த பாகுபாட்டைச் சட்டத்தால் தடுக்க முடிந்தது. அச்சட்டத்தின் பொருள் சிகிச்சை விலக்குகளை நீக்குவதே என்பதை 2013இல் அம்மாநில ஒழுங்குமுறைத் துறை தெளிவுபடுத்தியது. அர்ஜென்டினாவின் 2012ஆம் ஆண்டுப் பாலின அடையாளச் சட்டம் இச்சிகிச்சைகளைக் கட்டாய மருத்துவத் திட்டத்திலேயே சேர்த்தது. அதனால் பொது மருத்துவமனை, தொழிற்சங்கக் காப்பீடு, தனியார் காப்பீடு ஆகிய மூன்றும் ஒருசேரக் கட்டுப்பட்டன. இந்தியச் சட்டம் இவ்விரு வழிகளையும் கைக்கொள்ளவில்லை.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவொன்றும் இங்குக் கருதத்தக்கது. 2019 மேயில் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் நோய் வகைப்பாடு, பாலின இசைவின்மையை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிப் பாலியல் நலம் குறித்த இயலில் வைத்தது. பட்டியலிலிருந்தே முற்றாக நீக்காததற்குக் காரணம், நீக்கினால் சிகிச்சைக்கும் காப்பீட்டுக்குமான வழி அடைபடும் என்பதே. இது நோயன்று, எனினும் சிகிச்சைக்குரியது என்னும் நிலைப்பாடு அதில் உள்ளது. அழகுச் சிகிச்சைக்கு அருகில் இதனை நிறுத்திய விலக்குப் பட்டியலோ நேர் எதிரான கருதுகோளின்மீது நிற்கிறது.

8. காரைக்காலில் ‘உரிய அரசு’ எது?

15ஆம் பிரிவின் கடமை ‘உரிய அரசு’ மீது சுமத்தப்பட்டுள்ளது. ஒன்றிய அரசைப் பொறுத்தவரையிலும் அதன் நிதியில் இயங்கும் நிறுவனங்களைப் பொறுத்தவரையிலும் ஒன்றிய அரசும், மாநில அரசையும் அதன் நிதியில் இயங்கும் நிறுவனங்களையும் உள்ளாட்சிகளையும் பொறுத்தவரையில் மாநில அரசும் ‘உரிய அரசு’ என 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. யூனியன் பிரதேசம் என்னும் சொல் அவ்வரையறையில் இல்லை.

இந்நிலையில் சட்டங்களுக்குப் பொருள்கொள்ளும் விதிகளைத் தரும் 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தை நாட வேண்டும். பொருளும் சூழலும் வேறுவிதமாக உணர்த்தாத இடத்து, யூனியன் பிரதேசத்தில் ‘மாநில அரசு’ என்பது ஒன்றிய அரசையே குறிக்கும் என்கிறது அச்சட்டம். இதன்படி, காரைக்காலில் இக்கடமையின் இறுதிப் பொறுப்பு ஒன்றிய அரசையே சாரும் எனப் பொருள்கொள்ள இடமுண்டு. நடைமுறையிலோ, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையைக் கொண்ட புதுச்சேரி அரசே நலத்துறையையும் அரசு மருத்துவமனையையும் நடத்துகிறது. காரைக்காலில் கிளை கொண்டுள்ள ஜிப்மரோ ஒன்றிய அரசின் நிறுவனம். ஒரே நகரில் இருவேறு அரசுகளின் மருத்துவ நிறுவனங்கள் உள்ளன. அண்டையில் மூன்றாவது அரசு ஒன்று இருக்கிறது. அதன் மருத்துவமனைகளே பழக்கத்தில் நெருங்கியவை.

பொறுப்பு பலரிடம் பகிரப்படும்போது அது ஒருவரிடமும் முழுமையாக இல்லாத நிலை ஏற்படக்கூடும். மாநிலத்தில் வாழ்பவர் கோரிக்கையை யாரிடம் வைப்பது என்பது தெளிவு. காரைக்காலில் வாழ்பவர் முதலில் அக்கேள்விக்கே விடை காண வேண்டும். சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றாக இருந்தும் அதனைக் கோரும் எளிமை ஒன்றாக இல்லை.

9. 2022: எல்லை கடந்த அட்டை

2022 ஆகஸ்டு 24ஆம் நாள் தேசிய நலவாழ்வு ஆணையமும் ஒன்றியச் சமூகநீதி அமைச்சகமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. மாற்றுப்பாலினர் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் வரை மருத்துவப் பாதுகாப்பு அளிக்க அது வழி செய்தது. ‘ஆயுஷ்மான் பாரத் டி.ஜி. பிளஸ்’ எனப் பெயர் பெற்ற இத்திட்டத்தில் பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

முந்தைய திட்டங்களோடு ஒப்பிடுகையில் இதில் இரு மாற்றங்கள் முதன்மையானவை. முதலாவது, அலகு குடும்பத்திலிருந்து தனிமனிதருக்கு மாறியது. குடும்ப அட்டையை நாடும் முரண் இதனால் நீங்குகிறது. இரண்டாவது, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் அட்டை நாடெங்கும் பதிவு பெற்ற மருத்துவமனைகளில் செல்லும். காரைக்காலின் பயனாளி எல்லை கடந்து சிகிச்சை பெறக் கொள்கையளவில் தடையில்லை. 1739இல் தோன்றி 1963இல் நிலைபெற்ற கோடு, இப்பொருளில் முதன்முறையாகத் தாளளவிலேனும் கரைந்தது.

மாறாக நிற்பவையும் மூன்று உண்டு. ஒன்று, பயனாளியாவதற்கு மாவட்ட ஆட்சியர் வழங்கும் மாற்றுப்பாலினர் சான்றிதழ் தேவை. 2020 நவம்பரில் தொடங்கப்பட்ட தேசிய இணையதளத்தின்வழி அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தன் அடையாளத்தை அரசுப் பதிவேட்டில் வெளிப்படுத்த அஞ்சுபவருக்குச் சிகிச்சையின் கதவும் அடைபட்டே இருக்கும். சாதாரண நோயாளி எவரும் தன் நோய்க்காக ஆட்சியரிடம் சான்று பெறுவதில்லை.

இரண்டு, ஆயுஷ்மான் பாரத் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்ட திட்டம். அறுவை சிகிச்சை அதற்குப் பொருந்தும். ஹார்மோன் சிகிச்சையோ பல ஆண்டுகள், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், புறநோயாளியாகத் தொடர்வது. சீரான இடைவெளியில் குருதிப் பரிசோதனையும் வேண்டும். அறுவையை விரும்பாதவர்க்கும் இதுவே முதன்மைத் தேவையாக இருக்கலாம். சட்டம் ஹார்மோன் சிகிச்சையைப் பெயர் குறிப்பிட்டே கூறியிருக்க, காப்பீட்டின் கட்டமைப்பு அறுவையின் பக்கமே சாய்கிறது. இவ்வகையில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இலவசப் புறநோயாளர் பிரிவு நடத்தும் பழைய தமிழ்நாட்டு வழியே சிறந்தது. காப்பீடு வந்ததனாலேயே பொது மருத்துவமனையின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

மூன்று, இத்திட்டத்தின் அடித்தளம் அரசின் இரு அமைப்புகளுக்கிடையிலான ஒப்பந்தம். 15ஆம் பிரிவு அதற்குப் பின்புலமாக நின்றாலும், ரூ. 5 இலட்சம் என்னும் தொகையோ சிகிச்சைப் பட்டியலோ சட்டத்தில் இல்லை. அரசாணையின் மூன்றாம் இயல்பாக மேலே சுட்டிய திரும்பப் பெறும் தன்மை, நாடு தழுவிய அளவில் இங்கும் தொடர்கிறது.

10. முடிவுரை

2006 முதல் 2022 வரையிலான இவ்வரலாறு முன்னேற்றத்தின் வரலாறு என்பதில் ஐயமில்லை. குற்றத்தின் நிழலில் நிகழ்ந்த ஓர் அறுவை, அரசு மருத்துவமனைக்கு வந்தது. மாநில அரசாணையாக இருந்தது நாடாளுமன்றச் சட்டத்தின் சொல்லாயிற்று. குடும்பத்தைச் சார்ந்திருந்த பாதுகாப்பு தனிமனிதருக்கு உரியதாயிற்று. இம்மூன்றிலும் தமிழ்நாட்டின் முன்னோடிப் பங்கு மறுக்கவியலாதது.

ஆயினும், இம்மூன்று கட்டங்களிலும் மாறாது நின்ற ஒன்றுண்டு. சிகிச்சை, ஓர் அரசு தன் குடிகளுள் அடையாளம் காணப்பட்ட சிலருக்கு வழங்கும் நலனாகவே அமைந்தது. பிற நோயாளிகளுக்குப் போல, மருத்துவத் தேவை ஒன்றே அதற்குப் போதுமான காரணமாகவில்லை. தனியார் காப்பீட்டின் விலக்கு வாசகத்தைச் சட்டம் தொடாமல் விட்டது இதன் விளைவு. எந்த அரசின் அட்டை கையில் உள்ளது என்னும் கேள்வி முதன்மை பெற்றதும் இதன் விளைவே.

இக்குறையை நீக்கும் வழிகளுக்கு இந்தியச் சட்ட மரபிலேயே முன்மாதிரி உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் போன்ற ஒரு வாசகம் காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தப் போதுமானது. யூனியன் பிரதேசங்களில் ‘உரிய அரசு’ எது என்பதை விதிகளின்வழித் தெளிவாக்கலாம். காரைக்கால் போன்ற சூழ்நிலப் பகுதிகளின் மக்கள் அண்டை மாநில மருத்துவமனைகளில் ஹார்மோன் சிகிச்சை பெறுவதற்கு இரு அரசுகளும் உடன்பாடு செய்துகொள்ளலாம்.

ஒரு சட்டம் யாருக்கு எளிதில் எட்டுகிறது என்பதைத் தலைநகரில் இருந்து அளந்தால் போதாது. கோவில்பத்திலிருந்து நாகூர் செல்லும் பேருந்தில் எல்லை எங்கே முடிந்தது என்பது பயணிக்குத் தெரிவதில்லை. மருத்துவமனையின் பதிவு மேசையிலும் அது தெரியாமற்போகும் நாளில்தான் 15ஆம் பிரிவு தன் சொல்லை நிறைவேற்றியதாகக் கொள்ள முடியும்.